மனக்கோயிலுக்கும் முழக்கணக்கு உண்டு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துக் குடியிருப்புகளில் கோயில் கட்டியிருக்கிற, கட்டத் திட்டமிட்டிருக்கிற குழுவினர் அனைவருக்கும்,

வயலும் ஏரிக்கரையுமாகக் கிடந்த நிலம் மனைகளாகவும் அடுக்ககங்களாகவும் மாறியபோது, நுழைவாயிலை ஒட்டி ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தவர்கள் நீங்கள். சொந்த ஊரையும் குலதெய்வத்தையும் விட்டு வந்த இடத்தில் முதலில் ஒரு சாமியைக் குடிவைக்க வேண்டும் என்று தோன்றியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கச் சொல்லும்போதே 'ஞாயிற்றுக்கிழமையாப் பார்த்துச் சொல்லுங்க' என்று சோதிடருக்கு நிபந்தனை போகிறது. பிரதோஷ அபிஷேகம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு ராத்திரி எட்டு மணிக்கு நகர்கிறது. மார்கழி விடியற்காலைப் பூசை யாருக்கும் எழ முடியவில்லை என்று சனி ஞாயிறு மட்டும் என ஆகிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் மட்டும் எப்படியோ எல்லோராலும் விழித்திருக்க முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய பிழையாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் போகிற திசை புரிகிறது. நம் வசதியில் ஒரு துளி குறையவில்லை, சாமிதான் ஒவ்வொரு முறையும் ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறார்.

இதைக் கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிட்டால், தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறோம். 'மனசுதாங்க முக்கியம். பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டலையா? சாமி அதைத்தானே ஏத்துக்கிட்டாரு?' பூசலார் நம் பக்கத்து ஊர்க்காரர். ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி இருக்கிற திருநின்றவூர்தான் அவர் ஊர். அவர் பெயரைச் சொன்னால் அந்தப் பெரியவருக்கு மேலே பேச வழியில்லை. ஆனால் பூசலாரை இப்படிச் சாட்சிக்கு அழைப்பவர்கள் சேக்கிழார் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பெரிய புராணத்தில் அவர் வரலாறு மிகச் சிறியது. அரைமணி நேரம்கூட ஆகாது.

பூசலார் எடுத்த எடுப்பில் மனத்துக்குள் போகவில்லை. சிவனுக்குக் கற்கோயில் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், பொருள் தேடி அலைந்தார், எங்கும் கிடைக்கவில்லை. வருந்தி, வேறு வழியே இல்லை என்று ஆன பிறகுதான் நினைவினால் கட்டத் துணிந்தார். துணிந்த பிறகு செய்த வேலையைக் கவனியுங்கள். மனத்திலேயே பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடுகிறார், வேண்டிய சாதனங்களைத் திரட்டுகிறார். நல்ல நாள் பார்த்து, ஆகமத்தில் சொன்ன முறைப்படி அடிநிலை இடுகிறார். இரவிலும் கண் மூடாமல் வேலை நடக்கிறது. அடியில் இருக்கிற உபானம் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக எழுப்பிச் சிகரம் வரை போகிறார். சிகரத்தின் உயரம் முழக்கணக்கில் நிற்கிறது. தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு வெட்டி, மதில் சுற்றி, குளமும் தோண்டிய பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். இதற்கெல்லாம் நெடுநாள் ஆனது என்று சேக்கிழார் சொல்கிறார்.

மனத்தைவிடச் சுதந்திரமான கட்டுமான இடம் வேறு உண்டா? அங்கே கல்லுக்கு விலை இல்லை, கொத்தனாருக்குக் கூலி இல்லை, திட்ட அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. ஒரு கண் சிமிட்டலில் தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரமாக ஒன்றை நிறுத்தியிருக்கலாம். பொன்னால் மதில் கட்டியிருக்கலாம். மாலையில் நினைத்து மறுநாள் காலையில் குடமுழுக்கு செய்திருக்கலாம். யாரும் வந்து அளந்து பார்க்கப் போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் அந்த மனிதர் முழம் போட்டு அளந்திருக்கிறார், தூக்கத்தை விட்டிருக்கிறார், பக்தர் கால் கழுவக்கூடத் தேவைப்படாத கிணற்றை வெட்டியிருக்கிறார். பூசலார் வரலாற்றின் அதிசயம் கல் இல்லாமல் கோயில் கட்டியதில் இல்லை. யாரும் பார்க்காத இடத்திலும், எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய இடத்திலும், தன் இஷ்டத்துக்கு ஒரு முழம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் கட்டியதில் இருக்கிறது. 'மனசு போதும்' என்று சொல்ல அவரைக் கூப்பிடுகிறவர்கள், மனசில் செய்தாலும் முறை மாறக்கூடாது என்று வாழ்ந்து காட்டியவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பின்கதை எல்லோருக்கும் தெரியும். காஞ்சியில் காடவர் கோன் எனப்படும் பல்லவ அரசன் பெரும்பொருள் செலவழித்துக் கட்டிய கற்றளிக்கும் அதே நாளில் குடமுழுக்கு. முந்தைய நாள் இரவு சிவன் அரசன் கனவில் வந்து, நின்றவூரில் ஓர் அன்பன் நினைந்து நினைந்து செய்த ஆலயத்தில் நாளை நான் புகுகிறேன், உன் காரியத்தைத் தள்ளி வை என்கிறார். அந்தக் கற்றளி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயில் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டும், கலியுகத்தில் இந்த அரசன் வானிலிருந்து ஒரு குரலைக் கேட்டான் என்று வியக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியா என்பதை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது கதையின் கடைசிப் பகுதி. அரசன் தேடி வந்து, விழுந்து வணங்கி, ஊர் திரும்பிய பிறகு, பூசலார் குறித்த பொழுதில் சிவனைத் தாபித்து, அதற்குப் பின் பலநாள் பூசைகளை வழுவாமல் நடத்தினார் என்று முடிக்கிறார் சேக்கிழார். குடமுழுக்கோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. குடமுழுக்கன்று ஹெலிகாப்டரில் பூத் தூவிவிட்டு, நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசைக்கு ஆள் சேர்க்கத் திணறுகிற குழுக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

முறை என்று நான் சொல்வது எங்கும் ஒரே அச்சில் வார்த்த சட்டத்தை அல்ல. நம் வட்டாரத்திலேயே பாருங்கள். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் மேனியில் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. மன்னன் தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அவன் வாளால் வெட்டியபோது உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் பட்டது என்பது தலவரலாறு. அந்தக் காயம் ஆற இந்தச் சந்தனம். சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டும்தான் காப்பைக் களைவார்கள். நந்தியும் அங்கே சுவாமியைப் பார்த்து இராமல் கிழக்கு நோக்கி இருக்கும், தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியவர் என்பதால். மாங்காட்டுக்குப் போனால், காமாட்சி கோயிலில் உள்ள அர்த்தமேரு எட்டு வகை மூலிகைகளால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகமே கிடையாது, குங்கும அர்ச்சனைதான். ஓரிடத்தில் சந்தனத்தை எடுக்கக்கூடாது, இன்னோரிடத்தில் தண்ணீர் படக்கூடாது. ஒவ்வொன்றும் அந்த இடத்தின் கதையிலிருந்து பிறந்த கட்டுப்பாடு. 'எனக்கு லிங்கத்தை நிஜரூபத்தில் பார்க்கத்தான் பிடிக்கும்' என்று ஒருவர் சொன்னால், முல்லைவாயில் அவரைச் சித்திரைச் சதயம் வரை காத்திருக்கச் சொல்லும். காத்திருக்கிறவருக்கு அங்கே ஒன்று புரிகிறது: வந்திருப்பது அவர்தான், சாமி ஏற்கெனவே இருக்கிறார். விருப்பப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிய கோயிலில் இந்த அனுபவத்துக்கு வாய்ப்பே இல்லை.

பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருக்கச்சி நம்பியை நினைவூட்டத் தேவையில்லை. ஊர் நடுவே இருக்கிற வரதராசப் பெருமாள் கோயிலே அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டில் காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கர்யம் செய்தவர். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது வைணவ மரபு. கடவுளோடு பேசுகிற ஒருவர் தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டால் யார் கேட்டிருக்க முடியும்? அவர் விசிறியைக் கீழே வைக்கவில்லை. இராமாநுசர் தம் ஐயங்களை அவர் மூலமாகக் கேட்டனுப்பியபோது வந்த ஆறு வார்த்தைகளில் ஒன்று, பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்று என்பது. நேரடித் தொடர்பு இருந்தும் பெருமாள் சொன்ன பதில் 'ஆசாரியரிடம் போ' என்பதுதான். திருக்கச்சி நம்பி அந்தணர் அல்லர், வைசியர் என்பதும், இராமாநுசர் அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பினார் என்பதும் அதே மரபு சொல்கிற செய்தி. முறைக்குக் கட்டுப்படுவது வேறு, சாதிக்குக் கட்டுப்படுவது வேறு என்பதற்கு நம் ஊரிலிருந்தே கிடைக்கிற சான்று இது. சாதியைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

உங்கள் தரப்பில் முதலில் வரும் பதில் நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருகிறவரும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரும், ஓ.எம்.ஆரிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வீடு சேர்கிறவரும் மாலை நாலரைக்குப் பிரதோஷத்துக்கு வந்து நிற்க முடியாது. உண்மை, இதை நான் சாக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வர முடியாதவருக்காக மரபு ஏற்கெனவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அது பூசலாரின் கதவேதான். ரயிலில் நின்றபடியே அந்த வேளையில் ஐந்து நிமிடம் நினைப்பது பிரதோஷ வழிபாடு. எட்டு மணிக்கு வந்து, முடிந்துபோன பூசையின் விபூதியை வாங்கிக்கொள்வதும் வழிபாடு. அந்தி வேளைக்கென்று உள்ள ஒன்றை எட்டு மணிக்கு மாற்றி, அதையும் பிரதோஷம் என்றே அறிவிப்பது வேறு காரியம். முதலிரண்டில் 'என்னால் முடியவில்லை' என்கிற ஒப்புக்கொள்ளல் இருக்கிறது, கூடவே அடுத்த முறையாவது ஒருநாள் அனுமதி போட்டு வர வேண்டும் என்கிற ஏக்கமும். மூன்றாவதில் இரண்டும் போய்விடுகின்றன. ரயில் நமக்காக ஒரு நிமிடம் நிற்காது என்று தெரிந்து ஓடிப்போய் ஏறுகிற நாம், நகர்த்த முடிந்த ஒரே நேரமாகச் சாமியின் நேரத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அடுத்து கண்ணப்பர். 'அவர் எந்த ஆகமம் படித்தார்? வாயில் நீர் கொண்டுவந்து உமிழ்ந்தார், கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார், காளத்தியார் ஏற்கவில்லையா?' ஏற்றார். இந்தக் கேள்வி பூசலாரைப் பற்றியதைவிடக் கனமானது, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கண்ணப்பர் முறையை அறியாதவர்; அறிந்து தனக்குத் தோதாக வெட்டிக்கொண்டவர் அல்லர். தனக்குத் தெரிந்ததில் எது மிக நல்லதோ அதைக் கொடுத்தார். பன்றி இறைச்சியில் எந்தத் துண்டு சுவையானது என்று பார்த்தது தான் தின்பதற்கில்லை. ஆறு நாள் தூங்காமல் வில்லேந்திக் காவல் நின்றார், கடைசியில் கண்ணைத் தோண்டி அப்பினார். அவருடைய மீறல் ஒவ்வொன்றிலும் இழந்தவர் அவர். நம் மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் மிச்சப்படுத்துகிறவர்கள் நாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அதே கோயிலில் ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியாரை இறைவன் விலக்கவில்லை. தினமும் வந்து, சிதறிக் கிடந்த எலும்பைக் கண்டு பதறி, சுத்தம் செய்து, மீண்டும் முறைப்படி பூசை செய்த அந்த மனிதரின் கனவில்தான் வந்து, ஒளிந்திருந்து பார் என்றார். காளத்தியில் நடந்தது இரண்டு விசுவாசங்களின் சந்திப்பு. மூன்றாவதாக, அன்றைக்கு வேட்டைக்கும் போகாமல் பூசைக்கும் வராமல் 'மனசு போதும்' என்று வீட்டில் இருந்த யாரையும் சேக்கிழார் பாடவில்லை.

கடைசி மறுப்புதான் உண்மையில் வலுவானது. ஆகமம், மரபு என்ற பெயர்களைச் சொல்லித்தானே தலைமுறை தலைமுறையாகப் பாதி ஊரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்? மாற்றமே கூடாது என்றால் அவர்கள் இன்றும் வெளியில்தானே நிற்க வேண்டும்? நிற்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் ஒரு துளியும் இல்லை. ஆனால் 1939 ஜூலை 8 அன்று மதுரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அவர்கள் கேட்டது தங்கள் விருப்பப்படி அமைந்த இன்னொரு மீனாட்சியை அல்ல. எல்லோரும் கும்பிடுகிற அதே அம்மன், அதே சந்நிதி, அதே பூசை. எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர்தான், இனி அந்தக் கோயிலில் அம்மன் இல்லை என்று சொல்லி, ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் தனி மீனாட்சியை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். தமக்குப் பிடித்தவர்கள் மட்டும் வந்து நிற்கிற கோயில். அன்றைக்கு யார் மரபில் நின்றார்கள், யார் தங்கள் இஷ்டத்துக்குச் சாமியை வைத்துக்கொண்டார்கள்? விலக்கி வைத்ததும் ஒரு சொந்த விருப்பம்தான், வலுத்தவர்களின் விருப்பம், அதற்குச் சாத்திரத்தின் உடையைப் போட்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் அனைத்துச் சாதியினரில் பயிற்சி பெற்றவர்களுக்கு அர்ச்சகர் பணி ஆணைகள் தரப்பட்டதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். அவர்கள் பூசையைச் சுருக்க வரவில்லை, கற்றுக்கொண்டு செய்ய வந்தார்கள். ஆகவே மாற்றம் வரும்போதெல்லாம் நான் கேட்பது இதைத்தான்: இதனால் இன்னும் ஒருவர் உள்ளே வருகிறாரா, அல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கிற எனக்கு ஒரு சிரமம் குறைகிறதா? எல்லா நேரமும் இது தெளிவான பதிலைத் தராது. முதியோருக்குச் சாய்தளம் போடுவதும் சிரமத்தைக் குறைப்பதுதான், அதை யார் மறுப்பார்கள்? ஆனால் உங்கள் கூட்டங்களில் வருகிற தீர்மானங்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் காவலாளிகளும் குடியிருப்புக் கோயிலில் கும்பிடலாமா என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பேச்சை எடுத்துப் பாருங்கள். முறையும் விருப்பமும் எங்கே பிரிகின்றன என்று அரைமணியில் விளங்கிவிடும்.

அப்படியானால் புதிதாகக் கோயிலே கட்டக்கூடாதா? கட்டலாம். பூசலாரைப் பாடியவரே கட்டியிருக்கிறார். சேக்கிழார் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருநாகேசுவரத்தின் மீது அவருக்குத் தீராத ஈடுபாடு. அந்த நாகேசுவரரைத் தம் ஊரிலும் வழிபட வேண்டும் என்று குன்றத்தூரில் அதே பெயரில் ஒரு கோயில் எடுத்தார். முழுக்க முழுக்கச் சொந்த விருப்பத்தில் பிறந்த கோயில்தான், நீங்கள் குலதெய்வத்தையும் ஊர்ச்சாமியையும் நினைத்துக் கட்டுவதைப் போலவே. ஆனால் விருப்பம் கட்டத் தூண்டியதோடு நின்றது. என்ன பூசை, எந்த வேளை என்பதில் தலையிட்டதாகச் செய்தி இல்லை. சென்னைச் சுற்றுவட்டார நவகிரகத் தலங்களில் குன்றத்தூர் இன்று ராகு தலமாகிவிட்டது, ஒரே நாளில் ஒன்பதையும் வேன் வைத்து முடிக்கிற கூட்டம் வருகிறது, சேக்கிழாரை விசாரிப்பவர்கள் குறைவு. திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கும் அதே கதி. கருவறையில் லிங்கத்துக்கு அருகிலேயே பூசலார் இருக்கிறார், நாம் இதயநோய் தீரும் தலம் என்று வழி கேட்டுப் போகிறோம். நோயாளியின் வேண்டுதலை நான் கேலி செய்யவில்லை. வேண்டுதல் ஒன்றே வழிபாடாகச் சுருங்குவதைத்தான் சொல்கிறேன்.

குழுவினரிடம் நான் கேட்பது பெரிதல்ல. கட்டுவதற்கு முன், பக்கத்திலிருக்கிற ஏதாவது ஒரு பழைய கோயிலுக்கு, ஒருகாலப் பூசைக்கே எண்ணெய் தட்டுப்பாடாக இருக்கிற கோயிலாக இருந்தால் இன்னும் நல்லது, குழுவாக ஓராண்டு போங்கள். உழவாரப் பணி செய்யுங்கள், குருக்கள் வராத நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள், அந்தச் சாமிக்கு எது செய்வார்கள், எது செய்யமாட்டார்கள் என்று அங்குள்ளவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகும் தனிக்கோயில் வேண்டும் என்று தோன்றினால், நன்கொடை ரசீதுப் புத்தகம் அச்சிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: தினப் பூசைக்கு யார் பொறுப்பு, அர்ச்சகருக்கு மாதம் என்ன கொடுப்போம், வீடு விற்றுவிட்டுப் போகிறவர் இடத்தில் யார் வருவார், பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நிதி எங்கிருந்து வரும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் நகர்த்திவைத்த நேரங்களில் ஒன்றை மட்டுமாவது பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பிரதோஷத்தை அந்திக்கே திருப்புங்கள். முதல் சில மாதங்கள் அர்ச்சகரோடு ஓய்வுபெற்ற நாலைந்து பேர்தான் நிற்பார்கள். நிற்கட்டும், அபிஷேகம் நடக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக்காரன் ஒருவன்